நூலில் கீறிய வீடு

இன்று காலை நம் மகள் யன்னல் கண்ணாடி துடைப்பதற்குக் கடையிலிருந்து புதிதாக ஒரு போத்தல் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், மூக்கைக் குத்தும் நெடி அறை முழுக்கப் பரவியது. "உம்மா, அங்கால போங்க, கண் எரியும்" என்றாள். எரிந்தது உண்மைதான். ஆனாலும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் அம்பாறை பஸ்ஸை விட்டு இறங்கி நீங்கள் எங்கள் வாசல் படலையைத் திறக்கும்போது உங்கள் சட்டையிலிருந்து வந்த அதே அம்மோனியா நெடி. நீங்கள் வேலை பார்த்த கந்தோரில் படங்களைப் பிரதி எடுக்கும் அறையில் நின்றுவிட்டு வந்தால் அது லேசில் போகாது. என் உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். எனக்கோ அது நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று சொல்லும் மணம்.

மகளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். நீங்கள் போகும்போது அவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அவளுக்கு உங்களைத் தெரியாது. ஆகவே உங்களிடமே சொல்கிறேன்.

நீங்கள் நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையாக எங்கள் சாய்ந்தமருது வீட்டுக்கு வந்த நாளில், உங்கள் தகரப் பெட்டியோடு ஒரு பெரிய பலகையும் வந்தது. பஸ்ஸின் வாசலுக்குள் நுழையாததால் கூரையில் கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். "மாப்பிள்ள பாண் போடுறவரா?" என்று அயல் வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்டார்கள். மாவு பிசையும் பலகை என்று நினைத்துவிட்டார்கள். நானும் அது என்னவென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அம்பாறைப் பக்கம் பெரிய குளம் கட்டி வாய்க்கால் வெட்டும் திட்டத்தின் கந்தோரில் நீங்கள் படம் கீறுகிறவர் என்று மட்டும்தான் வாப்பா சொல்லியிருந்தார். அதுவும் நிரந்தர வேலை அல்ல, தற்காலிகம்.

ஞாயிறு முற்பகல் முழுக்க மேசை உங்களுடையது; பலகையை அதன் மேல் வைத்துப் படம் கீறுவீர்கள். முதல் சில கிழமைகள் எனக்கு அந்தப் பலகையைக் கண்டாலே பிடிக்காது. கிழமையில் ஒன்றரை நாள் வருகிறீர்கள், அதிலும் பாதியை அது தின்றுவிடுகிறதே என்ற ஆத்திரம். ஒரு நாள் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மூணு சாமான் கீறியிரிக்கீங்க. என்ன இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"மூணு இல்ல புள்ள. ஒரே சாமான்தான். வாய்க்கால்ல தண்ணி தொறக்கிற கதவு."

நான் நம்பவில்லை. நீங்கள் எழும்பிப் போய் அடுப்படியிலிருந்து தேங்காய் திருவலையைத் தூக்கி வந்து மேசையில் வைத்தீர்கள். உம்மா வாசலில் நின்று, "அல்லாஹ்வே, குந்தி இரிக்கிற சாமான மேசையில வெக்கிறாரே" என்று அலறினார். நீங்கள் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு தாளும் பென்சிலும் தந்தீர்கள். "இதக் கீறு பாப்பம்."

கீறினேன். குந்தும் பலகை, நாலு கால், நாக்கு, நாக்கின் பல் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிட்டேன் என்ற பெருமையோடு நீட்டினேன். நீங்கள் நெடுநேரம் அதைப் பார்த்தீர்கள்.

"நீ கண்டத கீறல்ல. தெரிஞ்சத கீறியிரிக்காய். நேர முன்னால இரி. இப்ப நாலு காலும் தெரியுதா?"

"ரெண்டுதான் தெரியுது."

"அப்ப ரெண்டத்தான் கீறணும். எழும்பி மேலால பாரு. மறுகா பக்கத்தால பாரு. மூணு தரம் பாத்து மூணு படம் கீறு. மூணையும் ஒண்டாச் சேத்தா, இத ஒரு நாளும் காணாத, மரவேலை செய்யிற ஓடாவியும் இதே மாதிரி ஒண்டு செய்யலாம்."

பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள் நான். கணக்கில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்திருந்தேன். ஆனால் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொன்னதில்லை. அன்று அந்த மூன்று படங்களும் ஒன்றோடொன்று ஒத்துவந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்தோற்றத்தின் அகலம் நேரே கீழே இறங்கி மேல்தோற்றத்தின் அகலமாகிறது. அதன் உயரம் நேரே வலப்பக்கம் போய்ப் பக்கத்தோற்றத்தின் உயரமாகிறது. எந்தக் கோடும் தன் பாட்டுக்கு நிற்பதில்லை.

பிறகு ஞாயிறு தோறும் பாடம்தான். நீண்ட மட்டப்பலகையின் தலையைப் படப்பலகையின் இடது விளிம்போடு ஒட்டப் பிடிக்கவும், அதன் மேல் மூலைமட்டத்தை நிறுத்திச் செங்குத்துக் கோடு எடுக்கவும் பழகினேன். "பென்சிலத் தள்ளாத, இழு. இழுக்கிற நேரம் விரலால மெல்ல உருட்டு, முனை தேயாது" என்பீர்கள். கையின் வியர்வை தாளில் படாமல் மணிக்கட்டின் கீழ் ஒரு துணி. முதலில் கடினமான பென்சிலால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோடு. எல்லாம் சரிவந்த பிறகுதான் கறுப்புப் பென்சில். ஒரு முறை, பின்னால் மறைந்திருக்கும் கால்களை விட்டுவிட்டேன். "மறைஞ்ச விளிம்ப விட்டு விட்டுக் கீறணும் புள்ள. அது இல்லாம இல்ல. இங்கால இரிந்து பாத்தா தெரியல்ல, அவ்வளவுதான்" என்றீர்கள்.

கந்தோரில் பசையேற்றிய துணியில் கீறிப் பழுதாகிப் போன படங்களைச் சில நேரம் சுருட்டிக்கொண்டு வருவீர்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் மையும் பசையும் போய், மல்லிகைப் பூப் போல மெல்லிய வெள்ளைத் துணி கிடைக்கும். நம் மகளுக்கு முதல் தொப்பியும் சட்டையும் அதில்தான் தைத்தேன். ஒரு வாய்க்காலை உடுத்திக்கொண்டு நம் பிள்ளை நித்திரை கொள்கிறாள் என்று நீங்கள் பகிடி விட்டீர்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை. மஃரிபுக்கு விளக்கேற்றி விறாந்தையில் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெளக்கச் சுத்தி வானவில்லு மாதிரி தெரியுது புள்ள. ஒனக்குத் தெரியல்லயா?" என்று கேட்டீர்கள். நீங்கள் ஆசையில் கதைக்கிறீர்கள் என்று நினைத்தேன். "ஓம், எனக்கும் தெரியுது" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதாவது நான் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கலாம். வெட்கத்தில் விளக்கைத்தான் பார்த்தேன்.

பிறகு தலையிடி என்றீர்கள். வாசல் நிலையில் தோள் இடித்தது. பக்கத்தில் வந்து நிற்கும் உம்மாவைக் காணாமல் திடுக்கிட்டீர்கள். நேரே இருப்பது தெரிந்தது; பக்கத்தில் இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போய்க் கண்ணைக் காட்டுவோம் என்று நான் அழுதபோது, "நிரந்தர வேலைக்கு டொக்டர் சோதிக்கப் போறாங்க. அதுக்கு முந்திப் போனா கந்தோருக்குத் தெரிஞ்சிரும். வேல நிரந்தரமாகட்டும்" என்றீர்கள். நான் உங்கள் பேச்சை நம்பினேன். நீங்களே உங்கள் பேச்சை நம்பினீர்களா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் எனக்கு இன்னும் கடினமான படங்களைத் தந்தீர்கள்: படிக்கட்டு, ஓட்டுக் கூரை, வளைவு வைத்த வாசல். அவசரப்பட்டீர்கள். நான் பிழை விட்டால் முன்னைப் போலச் சிரிப்பதில்லை.

கண் குறை தெரியவந்து கந்தோர் உங்களை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் கொழும்புக்குப் போனோம். கண்ணுக்குள் ஏறிய அழுத்தம் நரம்பைக் கொன்றுவிட்டது, செத்தது திரும்பாது என்றார்கள். ஒரு வருசம் முந்தி வந்திருக்கலாமே என்று அந்த டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழ்த் தாதி ஒருத்தி தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். அவள் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு இருந்தீர்கள். ரயிலில் திரும்பி வரும்போது என் கையை விடவேயில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது வழக்கம். உழைத்துக்கொண்டு வரும் மாப்பிள்ளைக்கு அந்த வீடு ராச வீடு. உழைப்பில்லாமல் விறாந்தையில் இருக்கிறவருக்கு அது என்னவென்று உங்கள் முகத்தில்தான் கண்டேன். வாப்பா ஒரு நாளும் குத்திக் கதைக்கவில்லை. ஆனால் உங்களோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டார். கடைசியில் நேரே தெரிந்ததும் மறைந்துபோனபோது உங்கள் பலகையைச் சுவரில் சாத்தி வைத்தேன். மாதக் கணக்கில் அது அப்படியே நின்றது.

பிறகு என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்தது. அவளுக்கும் எங்கள் வளவில் வீடு எழும்ப வேண்டும். வீடு கட்ட அனுமதிக்குச் சபைக் கந்தோருக்குப் படம் கொடுக்க வேண்டும், கல்முனையில் யாரைப் பிடிக்கலாம் என்று வாப்பா சாப்பிட்டுக்கொண்டே உம்மாவிடம் கேட்டார். நீங்கள் விறாந்தையிலிருந்து குரல் கொடுத்தீர்கள்.

"மாமா, நாங்க கீறித் தாறம்."

வாப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நாங்க எண்டா?"

"நானும் ஒங்கட மகளும். அளவு என்ட தலையில, பென்சில் அவட கையில."

அன்று பின்னேரமே பலகையைச் சுவரிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன்.

நீங்கள் சொல்லச் சொல்ல நான் கீறினேன். நிலம் அளக்கும்போது கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வளவின் மூலையில் நின்றீர்கள். தங்கச்சியிடம் கேட்டுக் கேட்டு அடுப்படியின் அளவை எடுத்தேன். ஆனால் கீறியது சரியா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பது? நான் வாயால் சொல்வதை வைத்து உங்களால் பிழை பிடிக்க முடியவில்லை. நீங்கள் எரிச்சலில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போன நாளும் உண்டு. அப்போதுதான் மருதமுனையில் தறி நெய்கிற எங்கள் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கழிவு நூல் கொஞ்சம் வாங்கி வந்தேன். சோற்றுப் பசையை விரலால் தடவி, ஒவ்வொரு கோட்டின் மேலும் நூலை ஒட்டினேன். மறைந்த விளிம்புகளுக்கு நூலைத் துண்டு துண்டாக நறுக்கி இடைவெளி விட்டு வைத்தேன். காய்ந்த பிறகு உங்கள் விரலைப் பிடித்து அத்திவாரத்தின் மூலையில் வைத்தேன்.

நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு விரலை நகர்த்தியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. முன்சுவர், வாசல், படி, கூரை. பிறகு பக்கத்தோற்றத்துக்குப் போனீர்கள். முகட்டில் விரல் நின்றது. இடது கையை முன்தோற்றத்தின் முகட்டில் வைத்து, மட்டப்பலகையைக் கேட்டு வாங்கி, இரண்டுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"புள்ள, முன்னால நிக்கிற ஊடு பக்கத்தால பாத்தா கூனிப் போயிட்டு."

பார்த்தேன். பக்கத்தோற்றத்தில் முகட்டைக் கொஞ்சம் இறக்கிக் கீறியிருந்தேன். இரண்டு கண்ணோடு இருந்த எனக்குத் தெரியவில்லை. "ஓம், பிழைதான்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கொழும்பிலிருந்து வந்த பிறகு முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். தங்கச்சி ஓடிவந்து என்னவென்று கேட்டாள். மகள் தத்தித் தத்தி வந்து நூலைப் பிய்க்கப் பார்த்தாள். நம்முடைய வாழ்க்கையில் எனக்கு ஒரு நாளைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பின்னேரத்தைத்தான் கேட்பேன்.

நல்ல தாளில் மையால் கீறி முடிக்கும் வேளையில்தான் பேச்சு வந்தது. படத்தின் வலது மூலையில், கீழே, கீறியவரின் பெயருக்கு ஒரு பெட்டி. அதில் என் பெயரை எழுதச் சொன்னீர்கள். வாப்பா பக்கத்தில் நின்றார்.

"மகள்ட பேரயா? கந்தோர்ல ஆம்புளயள் கையில குடுக்கவா? ஊர் என்ன கதைக்கும்?"

"கீறினது அவ, மாமா. வேற ஆர்ட பேரப் போடுற?"

"ஒங்கட பேரப் போடுங்க."

"கண் தெரியாத நான் கீறினன் எண்டு பொய் சொல்லவா?"

நீங்கள் வாப்பாவுக்கு முன்னால் குரலை உயர்த்தியது அன்றுதான். வாப்பாவும் சும்மா இருக்கவில்லை. "என்ட ஊட்டுல இரிந்துகொண்டு எனக்கே..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. நான் மைப் பேனையைப் பிடித்தபடி நின்றேன். யார் பக்கம் பேசினாலும் மற்றவரை வெட்டுவதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கி உடுத்தீர்கள். "நிந்தவூருக்குப் போய் உம்மாவப் பாத்து ரெண்டு நாள் இரிந்துட்டு வாறன்" என்றீர்கள். படலை வரைக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவி வீட்டிலிருந்து மாப்பிள்ளை தாய் வீட்டுக்குப் போனால் அயல் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்டக்டர் இறங்கி வந்து உங்கள் கையைப் பிடித்து ஏற்றினார். ஏறுவதற்கு முன் என் பக்கம் திரும்பி, நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி சொன்னீர்கள்: "படத்த முடிச்சு வை. பேர்ப் பெட்டிய வெறுமையா விடு. நான் வந்து கதைக்கிறன்."

முடித்து வைத்தேன். பெட்டியை வெறுமையாகவே விட்டேன்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா நேரே மேசைக்குப் போனதை யன்னலால் கண்டேன். மைப் படத்தை அவர் எடுக்கவில்லை. நூல் ஒட்டிய தாளை எடுத்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, உங்களைப் போலவே, விரலால் தடவிக்கொண்டு போனார். படியில் தடுமாறினார். திரும்பத் தொடக்கத்துக்கு வந்தார். வாப்பா வீட்டில் இப்படி ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. சத்தம் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

காலையில் என்னைக் கூப்பிட்டார். "ஒன்ட பேர எழுது."

"என்ட பேரயா வாப்பா?"

"ஓம். முழுப் பேரும் எழுது."

எழுதினேன். அவரே படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சபைக் கந்தோரில் கொடுத்தார். திரும்பி வந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கிளார்க்கர் ரெண்டு தரம் பேரப் பாத்தாரு. 'என்ட மகள்தான் கீறின' எண்டன். மறுகா ஒண்டும் கேக்கல்ல." முகத்தில் இலேசாக ஒரு சிரிப்பு இருந்தது. "வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுதுட்டு நானே நிந்தவூருக்குப் போய் மருமகனக் கூட்டிட்டு வாறன். நான் சொன்ன வார்த்தைக்கு நானே போகணும். நீ ஆரிட்டயும் சொல்லி அனுப்பாத."

நான் சொல்லி அனுப்பவில்லை. வாப்பாவின் அந்த மனசைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் அவர் வாயால் கேட்டால்தான் அதற்கு மதிப்பு என்றும் நினைத்தேன்.

வெள்ளி வருவதற்குள் மழை பிடித்தது. மாரி மழைதானே என்று இருந்தோம். வயல் பக்கத்துத் தண்ணீரெல்லாம் ஒன்றாகத் திரண்டு கடலைத் தேடி ஊருக்குள்ளால் வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஜும்ஆவுக்கே ஆட்கள் நீந்தாத குறையாகப் போனார்கள். நிந்தவூர்ப் பக்கம் போகும் பாலத்தைத் தண்ணீர் மூடிவிட்டது, பஸ் ஓடவில்லை என்றார்கள். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, நனைந்த கோழியாகத் திரும்பி வந்தார். "தண்ணி வத்தட்டும் மகள். வத்தின உடன போவம்."

தண்ணீர் வற்றுவதற்கு முன் ஒரு தோணியில் ஆள் வந்தது. உங்களுக்குக் காய்ச்சலாம். மருந்தெடுக்கப் போக வழியில்லையாம். முந்திய நாளே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

வாப்பா அதை எனக்குச் சொல்ல வந்து, சொல்லத் தொடங்கி, படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். "நான் போயிருக்கணும். முதல் நாளே போயிருக்கணும்" என்றார். பிறகு வாழ்ந்த காலமெல்லாம் அவர் அதை மறக்கவில்லை. தங்கச்சியின் வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று வாசலில் நின்று அழுத ஒரே ஆள் அவர்தான்.

நான் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தா இருந்தேன். அது முடிந்த பிறகு ஒரு பெண் வந்து, தன் மகளுக்கு வீடு கட்டப் போவதாகச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. பெண்கள் என்னிடம் அடுப்படிக்குள்ளேயே வந்து, புகை போக வழி வேண்டும், கிணற்றடிக்குத் தனி வாசல் வேண்டும் என்று மனசைத் திறந்து சொல்வார்கள். நான் கீறிக் கொடுத்தேன். வாப்பா இருந்தவரைக்கும் ஒவ்வொரு படத்தையும் அவரே சுருட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார். அந்த வருமானத்தில்தான் நம் மகள் படித்தாள். இதையெல்லாம் நீங்கள் கேட்டால் சந்தோசப்படுவீர்கள். ஆனால் எனக்கு அந்த ஆண்டுகளில் சந்தோசத்தை விட ஒரு உறுத்தல்தான் பெரிதாக இருந்தது. நீங்கள் எங்கள் மேல் கோபத்தோடு போனீர்கள், கோபத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் உம்மா படுக்கையில் விழுந்த பிறகு பார்க்கப் போனேன். மகள் அப்போது வளர்ந்த பிள்ளை. அவளை வெளியே அனுப்பிவிட்டு மாமி என் கையைப் பிடித்தார்.

"ஒனக்கு ஒண்டு சொல்லாம வெச்சிரிந்தன் மகள். சொன்னா நீ ஒடஞ்சி போவாய் எண்டு பயந்தன். காய்ச்சல் கொதிச்ச நேரமும் அவன் வெள்ளச் சட்டயக் கழட்ட விடல்ல. ஊட்டுக்குப் போகணும், ஊட்டுக்குப் போகணும் எண்டு கதவப் பாத்துத் திரும்பிப் படுத்தான். பெரிய தெருவில ஏதும் சத்தம் கேட்டா, 'உம்மா, பஸ் ஓடுதா?' எண்டு கேப்பான். நான், ஓடும் மகன், இப்ப ஓடும் எண்டு சொல்லிச் சொல்லி இரிந்தன். கடைசியாக் கேட்டதும் அதுதான்."

நிந்தவூரிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் மகளை ஓரத்தில் இருத்திவிட்டு அவள் தலைக்கு மேலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆறு முழங்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கோபத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வர வெளிக்கிட்டு உடுத்திருந்தீர்கள். நாங்கள் உங்களை அழைத்து வர உடுத்திருந்தோம். இதை அறிந்துகொண்டது ஆறுதலா, வேறொரு காயமா என்று இத்தனை காலம் கழித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டையும்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் யன்னலைத் துடைத்து முடித்துவிட்டாள். நெடி போய்க்கொண்டிருக்கிறது. மாமி உங்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. வாப்பாவுக்குச் சொல்ல வழி கிடைக்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். வாப்பா ஓம் என்று சொல்லிவிட்டார். நான் முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். பஸ் ஓடவில்லை.